அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி

ஜூன் 3, 1996, திங்கள்

கட்டட அனுமதி கேட்டு மனுப் போடுகிறவன் ஒரு நோட்டு வாங்கி, எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவர வேண்டும் என்றார் மைதீன் பிச்சை. வீட்டு வரைபடம் போட உரிமம் பெற்றவர் அவர். இந்த ஊரில் பாதி வீடுகள் அவர் பேனாவில் பிறந்தவை. "ஆபீஸ்ல பேச்சு மாறும் அண்ணாச்சி. நீங்க தேதியச் சொன்னியன்னா மாறாது." முப்பத்தொரு வருடம் கிளை நூலகராக இருந்தவனுக்குத் தேதி போடக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. இருந்தாலும் நன்றி சொன்னேன்.

விஷயம் இதுதான். ஏப்ரல் கடைசியில், ஒரு மழைநாள் காலையில், என் மனைவி உலகம்மாள் கொல்லைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இப்போது அங்கே மகள் செண்பகத்தின் வீட்டில் இருக்கிறாள். இனி அவள் குந்தி உட்காரக் கூடாது. படி இறங்கக் கூடாது. ஈரத்தில் நடக்கக் கூடாது. படுக்கையை ஒட்டி, நாற்காலி போல் உட்காருகிற கழிப்பறை ஒன்று இருந்தால்தான் அம்மாவை அனுப்புவேன் என்கிறாள் செண்பகம்.

"ஆவணி பொறக்கற வரைக்கும் பாப்பேன்ப்பா. அதுக்குள்ள கட்டியாச்சுன்னா சரி. இல்லன்னா நீங்களும் இங்க வந்துருங்க. அந்த வீட்ட வெலைக்குக் குடுத்துருவோம்."

ஆவணிக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. ஆனால் இடையில் ஆடி வருகிறது. ஆடியில் இந்த ஊர்க் கொத்தனார் எவரும் அஸ்திவாரம் தோண்ட மாட்டார். ஆகவே ஆனி முடிவதற்குள், அதாவது ஜூலை பதினைந்துக்குள், அனுமதி வாங்கித் தோண்டிவிட வேண்டும். ஆறு வாரம். ஒரு கழிப்பறைக்கு ஆறு வாரம் தாராளம் என்று நினைக்கிறேன்.

இன்று ரசம் வைத்தேன். ரசமாக வரவில்லை.

ஜூன் 6, வியாழன்

மைதீன் பிச்சை டேப்போடு வந்தார். படுக்கையறையின் கிழக்குச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஆறரை அடிச் சந்து இருக்கிறது. அதில் கட்டலாம் என்பது என் யோசனை. அளந்தார். பிறகு, கேட்காமலே, வீட்டுக்குள்ளும் வந்து அளந்தார்.

"இது என்ன ரூமு அண்ணாச்சி? படுக்கற ரூமுக்குள்ள இருந்து வாசல் வச்சிருக்கு."

"என் படிப்பறை."

"சன்னல் என்ன தலைக்கு மேல இருக்கு?"

வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் கண்ணுக்கு நல்லது என்று சொன்னேன். அவர் தன் பென்சிலைத் தரையில் வைத்தார். அது உருண்டு வடகிழக்கு மூலைக்குப் போய் நின்றது. அந்த அறையில் எல்லாப் பென்சிலும் அங்கேதான் போகும். அந்தக் காலத்துக் கொத்தனார் மட்டம் பார்க்கவில்லை.

"வீட்டுக்குள்ள ஒரு கக்கூஸ் அப்பவே வச்சிருக்கலாம்லா? இவ்வளவு பெரிய வீட்ட கட்டிட்டு."

"என் தாயார் ஒப்பவில்லை. பூசையறை இருக்கிற கூரைக்குக் கீழே அது கூடாது என்று சொல்லிவிட்டார்கள்."

"பெரியவங்க சொன்னா என்ன செய்ய முடியும்" என்றார். பெருந்தன்மையான மனிதர்.

ஜூன் 10, திங்கள்

பேரூராட்சி அலுவலகம். கட்டட அனுமதிக் கோப்புகளைப் பார்ப்பவர் ஜெபக்கனி என்ற பெண் எழுத்தர். முப்பத்திரண்டு வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார், என்னத் தெரியுதா? சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் புக்கு கேட்டு லைப்ரரிக்கு வந்தேன். ஜாமீன் பாரத்துல சீல் இல்லன்னு மூணு தடவ திருப்பி அனுப்பிச்சிய."

நினைவிருக்கிறது என்றேன். நினைவில்லை.

"நாலாவது தடவ குடுத்திய சார். பாஸ் பண்ணிட்டேன்." மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். பிறகு என் மனுவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஓர் அரசு அலுவலகத்தில் ஒருவர் ஒரு காகிதத்தை முழுதாகப் படிப்பதை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மனை உங்க பேர்ல இல்லையே சார். பத்திரம் உலகம்மாள்னு இருக்கு. அவங்கதான் மனுதாரர். அவங்க கையெழுத்து வேணும்."

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். ஆமாம். மாமனார் மகளுக்கு எழுதிக்கொடுத்த மனை. இத்தனை வருடத்தில் அது என் மனதிலிருந்து நழுவிப்போயிருக்கிறது. வாசலில் என் பெயரைத்தான் கல்லில் பொறித்திருக்கிறோம். கல் தப்பாகச் சொல்லாது என்று இருந்துவிட்டேன்.

ஜெபக்கனிக்கு நன்றி சொன்னேன். அவரிடம் ஒரு முறைமை இருக்கிறது. அதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்து வந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

புதுப் பாரத்தைப் பதிவுத் தபாலில் மதுரைக்கு அனுப்பினேன். கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறுக்குக் குறி போட்டிருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

பாரம் வந்தது. ஐந்து இடத்திலும் கையெழுத்து இருக்கிறது. கடிதம் எதுவும் இல்லை. உறையின் பின்பக்கத்தில் மட்டும், "சீரகம் நீல மூடி டப்பாவில். ரசத்துக்குக் கடைசியில் போடணும்" என்று எழுதியிருந்தாள். எனக்கு ரசம் வரவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 21, வெள்ளி

மனு பதிவாயிற்று. ரசீது தந்தார்கள்.

ஜூன் 27, வியாழன்

இடத்தைப் பார்வையிடப் பணி ஆய்வாளர் சொள்ளமுத்து வந்தார். சைக்கிளை நிழலில் நிறுத்தி, கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சந்தின் அகலத்தை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, நாலடிக்குக் கட்டுனா பாக்கி ரெண்டரதான் நிக்கும். விதியில அஞ்சடி காலியா விடணும்."

"கொஞ்சம் பார்த்துச் செய்ய முடியாதா? காலொடிந்தவள்."

"எனக்கும் வீட்ல வயசான ஆளு இருக்கு. ஆனா நாளைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மனுப் போட்டாருன்னா, கக்கூஸ இடிக்க நான்தான் வரணும். கட்டிட்டு இடிக்கறது பாவம்லா."

காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். படிப்பறை வாசலில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்று, மேலே இருந்த சன்னலையும் கீழே இருந்த தரையையும் பார்த்தார். வீட்டின் பழைய வரைபடம் இருக்கிறதா என்றார். என்னிடம் இல்லை. "ஆபீஸ்ல இருக்கும். ஜெபக்கனியம்மா தேடிருவாங்க" என்றார்.

முப்பது வருடத்துக் காகிதம். பேரூராட்சி ஆவண அறையில் கரையான்களின் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கும். கிடைக்காது என்று சொன்னேன். சொன்ன பிறகு, கிடைக்காது என்று ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று தோன்றியது.

ஜூலை 1, திங்கள்

பஸ் நிலைய பூத்திலிருந்து மதுரைக்குப் பேசினேன். இன்று உலகம்மாளே போனுக்கு வந்தாள். நடைதாங்கியைப் பிடித்துக்கொண்டு கூடம்வரை நடக்கிறாளாம்.

"எந்த எடத்துல கட்டப் போறிய?" என்றாள்.

கிழக்குச் சந்தில் என்று சொன்னேன்.

"சந்துலயா" என்றாள்.

ஆய்வாளர் அளவு போதாது என்று சொன்னதைச் சொன்னேன். வீட்டுக்குள் ஏன் முதலிலேயே வைக்கவில்லை என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அம்மா ஒப்பவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

"யாரு, அத்தையா? அத்தை செத்து நாலு வருசம் கழிச்சுல்லா நாம வீடு கட்டுனோம்."

நினைவு பிசகியிருக்கலாம். இந்த வயதில் அது நேர்வதுதான்.

"சாப்பிடுதியளா ஒழுங்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

கிடைத்துவிட்டது.

ஜெபக்கனி சொல்லி அனுப்பினார் என்று போனேன். ஆவண அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து தேடினாராம். புடவைத் தலைப்பில் இன்னும் செம்மண் இருந்தது. 1966ஆம் ஆண்டுக் கோப்பு. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. நடுப்பகுதியை விட்டுவைத்திருந்தது.

வரைபடத்தை மேஜையில் விரித்தார். கூடம், சமையலறை, பூசையறை, படுக்கையறை. படுக்கையறையை ஒட்டி, எட்டுக்கு ஆறு அடியில், மேலே சிறு சன்னலுடன், வடகிழக்கு மூலையில் தண்ணீர் போகும் துவாரத்துடன் ஓர் அறை. அதற்குள் மையால் எழுதியிருந்தது: குளியலறை, கழிப்பறை. மேலே பச்சை மையில் நிர்வாக அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும்.

"அனுமதி ஆயிருக்கு சார். நீங்க ஏற்கெனவே இருக்கற கக்கூஸுக்கு மறுபடி அனுமதி கேக்கிய."

அவர் அடுத்த தாளைத் திருப்பினார்.

"அப்ப இருந்த அதிகாரி ஆட்சேபம் எழுப்பியிருக்காரு, வீட்டுக்குள்ள கழிப்பறை வழக்கத்துல இல்லன்னு. அதுக்கு அம்மா ஒரு மனு குடுத்திருக்காங்க." சத்தமாகப் படித்தார். பக்கத்து மேஜைக்காரரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"'ஐயா, நான் மூன்று மாதக் கர்ப்பிணி. மழையிலும் இருட்டிலும் கொல்லைக்குப் போய்வரும் ஒரு பெண்ணின் அச்சத்தை அவள் அலுவலகத்துக்கு வந்து சொல்ல முடியாது. ஆகையால் எழுதித் தருகிறேன். பூசையறையும் கழிப்பறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது என்கிறீர்கள். கடவுள் இதைப் பொருட்படுத்த மாட்டார் என்று நம்புகிறேன். வழுக்கி விழுந்தால் அவர் விழப்போவதில்லை, நான்தான் விழுவேன்.'"

பக்கத்து மேஜைக்காரர், "அடேயப்பா, என்னமா எழுதியிருக்காங்க" என்றார்.

ஜெபக்கனி அந்த மனுவையும் நான் இப்போது பூர்த்தி செய்துகொடுத்த பாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார்.

"பழைய மனுல கீழ உள்ள கையெழுத்து அம்மாவோடது. மேல எழுதியிருக்கறது வேற கை" என்றார். "லைப்ரரி கார்டுல பாத்த ஞாபகம்."

கோப்பை மூடினார். அந்த மூடலுக்காக நான் அவருக்கு என்றென்றும் நன்றியுடையவன்.

ஜூலை 6, சனி

அந்த வருடம் ஐப்பசியில் ஊர் வாசகசாலை ஒன்றை மூடினார்கள். நான்கு தேக்கு அலமாரிகள் ஏலத்துக்கு வந்தன. வீட்டில் வேறு எந்தச் சுவரிலும் அவை அடங்கவில்லை. அந்த அறையில் அளவெடுத்துச் செய்ததுபோல் அடங்கின. அப்போது அங்கே கழிப்பறைப் பீங்கான் மட்டும்தான் பதிக்க வேண்டியிருந்தது. மழைக்காலம் முடியும்வரை புத்தகங்கள் இங்கே இருக்கட்டும் என்று சொன்னேன். மழைக்காலம் டிசம்பரில் முடிந்தது.

உலகம்மாள் அப்போது என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. செண்பகம் பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

ஜூலை 11, வியாழன்

குறிப்பாணை வந்தது. செயல் அலுவலர் கையெழுத்திட்டது. சுவையான பகுதியை மட்டும் நகல் எடுத்துவைக்கிறேன்.

"மனுதாரர் கோரியுள்ள புதிய கழிப்பறைக்குப் போதிய பக்க இடைவெளி இல்லாமையால் மனு நிராகரிக்கப்படுகிறது. மேலும், 1966இல் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் கண்ட கழிப்பறை அமைக்கப்படாமல், அவ்விடம் புத்தகங்கள் வைக்கும் உபயோகத்துக்கு அனுமதியின்றி மாற்றப்பட்டுள்ளது ஆய்வில் தெரியவருகிறது. குறிப்பாணை கிடைத்த நாற்பது தினங்களுக்குள் அதனை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி மாற்றியமைக்குமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது. தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்."

இரண்டு முறை படித்தேன். கழிப்பறை கட்டக் கூடாது என்றும், கட்டாவிட்டால் நடவடிக்கை என்றும் ஒரே தாளில் எழுத ஓர் அரசாங்கத்தால்தான் முடியும். நானாக இருந்தால் அந்த அறையைத் தொட்டிருக்க மாட்டேன். சந்து போதாது என்றால் தெருவைக் கேட்டிருப்பேன். எனக்கு நானே இட முடியாத உத்தரவை யாரோ இட்டிருக்கிறார்கள். இந்த ஊரின் நிர்வாகம் பற்றி இதுவரை நான் சொன்ன எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன்.

மைதீன் பிச்சை வந்து படித்தார். சிரிப்பை அடக்க அவர் எடுத்த முயற்சியை மதிக்கிறேன்.

"உள்ள செய்யற வேலைக்கு ஆடி ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. அஸ்திவாரம் முப்பது வருசமா இருக்குல்லா. ஆனா புக்க எங்க வைப்பிய?"

ஜூலை 14, ஞாயிறு

மூன்று நாளாகப் புத்தகங்களை இறக்குகிறேன். வகைப்படுத்தி இறக்க வேண்டும் என்று தொடங்கினேன். வரலாறு முடிவதற்குள் முதுகு போய்விட்டது. அதன் பிறகு கைக்கு வந்தபடி சாக்கில் போட்டேன். கூடம் முழுக்கச் சாக்கு; நெல் வியாபாரி வீடுபோல் இருக்கிறது. பாதியைக் கிளை நூலகம் எடுத்துக்கொள்கிறது. புதிய நூலகர் நன்கொடைப் பாரத்தில் முத்திரை இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார். நல்ல பையன்.

அலமாரிகளை நகர்த்தியபோது சுவரில் அவற்றின் உருவம் வெள்ளையாக நின்றது.

ஜூலை 17, புதன்

ஆடி இரண்டு. கொத்தனார் மூலையில் சிமெண்டு அடைத்திருந்த இடத்தைக் கொத்தினார். நாலே கொத்து. உள்ளே மண்குழாய் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். தயங்காமல் போனது.

"யாரு கட்டுனதுன்னு தெரியல சார். தண்ணி வாட்டம் அப்படியே நூல் புடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

முப்பது வருடமாக அந்தக் காலத்துக் கொத்தனாரைப் பற்றி நான் சொல்லிவந்தது தவறு.

ஜூலை 22, திங்கள்

போன். எங்கே கட்டுகிறேன் என்று உலகம்மாளிடம் இன்றுதான் சொன்னேன்.

"புஸ்தகம்?" என்றாள்.

"சாக்கில்."

"மழ வருது. தரையில வைக்காதிய. பலகையப் போட்டு மேல வைங்க."

எதிர்பார்த்த எதையும் அவள் சொல்லவில்லை. பூத்துக்காரர் இன்னொரு போன் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

உட்காரும் பீங்கான் வைத்தாயிற்று. இரு பக்கமும் பிடித்து எழுந்திருக்கக் கம்பி. வாசற்படியைக் கொத்தி எடுத்துத் தரையைச் சமமாக்கியாயிற்று. ஓடு வழுக்குகிறதா என்று ஈரக் காலோடு பதினோரு முறை நடந்து பார்த்தேன். கொத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ரசம் வந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. உலகம்மாள் வந்துவிட்டாள்.

காரிலிருந்து இறங்க ஐந்து நிமிடம். கூடத்துச் சாக்குகளைப் பார்த்து, "என்ன, உரக்கட வச்சிருக்கியளா?" என்றாள். செண்பகம் நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், தண்ணீரைத் திறந்தாள், மூடினாள். மூத்த ஆய்வாளரின் தோரணை. "நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்துடன்.

உலகம்மாள் நடைதாங்கியோடு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. வெகுநேரம் வரவில்லை.

"அம்மா?" என்று செண்பகம் தட்டினாள்.

"இருக்கேன்ட்டீ."

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன, பயணக் களைப்பாக இருக்கும். "சன்னல் ஒசரமா இருக்கது நல்லது" என்று மட்டும் சொன்னாள்.

இந்த இரண்டரை மாதத்தில் பேரூராட்சியில், தபால் ஆபீசில், பூத்தில், எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டியது நன்றி அல்ல. அது வேறொரு சொல்; அதில் எனக்குப் பழக்கம் போதாது. தலையணையைச் சரிசெய்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

செண்பகம் மதுரைக்குத் திரும்பினாள். வீட்டைக் கொடுப்பது பற்றிப் பேச்சு எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

உத்தரவு நிறைவேறியதா என்று பார்க்கச் சொள்ளமுத்து வந்தார். படிப்பறை இருந்த இடத்துக்கு அழைத்துப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"உலகு" என்று கூப்பிட்டேன். "பேரூராட்சியிலிருந்து வந்திருக்கிறார். இந்த அறையைப் பார்க்க வேண்டுமாம்."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"முப்பது வருசம் நான் காத்துக் கெடந்தேன். அவரு பத்து நிமிசம் உக்காரட்டும்."

மறுபடி தண்ணீர் விழுந்தது.

சொள்ளமுத்து என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய பண்பு. கூடத்தில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினார்: "நேரில் ஆய்வு செய்யப்பட்டது. கழிப்பறை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படி அமைக்கப்பட்டு, பயன்பாட்டில் உள்ளது."

பிறகு பேனாவை மூடிக்கொண்டு, "நான் கெளம்புதேன் அண்ணாச்சி. அவங்கள அவசரப்படுத்தாதிய" என்றார்.

நான் அவசரப்படுத்தவில்லை. கதவுக்கு வெளியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் முடிந்து வெகுநேரமாகியும் அங்கேதான் இருந்தேன்.